வேங்கைக்கு இரும்புத் தண்டவாளம்

ஜூன் 1, ஞாயிறு

வேங்கை இன்றோடு நின்றுவிட்டது. கடைசி வண்டியை நிறுத்தியதும் நான்தான்.

எழுதிப் பார்க்கச் சொன்னது தோள்வலிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா. தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்கு, “உங்களைத் தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க” என்றார். அதனால் சொல்கிறேன். என் பெயர் கோகிலவாணி. வேங்கை என்பது எங்கள் பார்க்கின் ரோலர் கோஸ்டர். முழுக்க மரம். கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு மேலே, யாரோ சாரம் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்துபோன மாதிரி தெரியும். உச்சியிலிருந்து பாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது ஆளுயர லீவர் ஒன்றை இழுக்க வேண்டும். இழுத்தால் கீழிருந்து பிரேக் கட்டைகள் எழும்பி வண்டியின் அடியில் உரசி நிறுத்தும். அதை இழுப்பதுதான் என் வேலை. பத்தொன்பது வருஷம்.

இனி மேலே இருக்கிற பலகைப் பாதையைப் பெயர்த்துவிட்டு இரும்புத் தண்டவாளம் போடுகிறார்கள். தாங்குகிற மரச்சட்டங்கள் அப்படியே இருக்குமாம். ஓடுவது மட்டும் இரும்பில். ஓரிடத்தில் தலைகீழாகவும் சுற்றுமாம். பிரேக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

கடைசி வண்டி காலியானதும் டிவியிலிருந்து வந்த பெண் மைக்கை நீட்டினாள். “எப்படிம்மா ஃபீல் பண்றீங்க?” பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. தேம்பித் தேம்பி, பிள்ளைகள் அழுகிற மாதிரி. எதற்கு என்று எனக்கே புரியவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து அழுதார்கள். வேங்கை படம் போட்ட பனியன் மாட்டிய ஒரு பையன் என் காலில் விழுந்தான்.

மெக்கானிக் பொன்னுச்சாமி அண்ணன் மட்டும் அழவில்லை. மத்தியானம் நானும் அவரும்தான் எப்போதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். தூக்குப் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “அழுவாத அம்மிணி. முடிஞ்சுது” என்றார்.

வீட்டுக்கு வந்து கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இவர், என் வீட்டுக்காரர், மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

ஜூன் 2, திங்கள்

பால்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவ்வளவு தூக்கம்.

ஜூன் 4, புதன்

ஓசூரிலிருந்து மகள் மேகலா போன் பண்ணினாள். அவள் கம்பெனியில் எல்லோரும் நான் அழுகிற வீடியோவைப் பார்த்தார்களாம். “வேங்கையைப் பிரியும் தாய்” என்று தலைப்பு வைத்திருக்கிறார்களாம்.

“ஏம்மா, அந்த வண்டி மேல உனக்கு அவ்ளோ ஆசையா?”

“தெரியல கண்ணு.”

“எனக்குக் கல்யாணம் முடிஞ்சு அனுப்பி வெக்கறப்பக்கூட நீ இப்பிடி அழுவலையே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன். வண்டியே நின்றுவிட்டதே, என்ன வேலை என்று கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பலகை பெயர்க்கிற வேலை ஆரம்பம். ஜி.எம். ஜோதிராமன் சார் என்னைக் கூப்பிட்டு, புது வண்டிக்கும் ஆபரேட்டர் நான்தான் என்றார். லீவர் இருக்காது, பொத்தான்கள்தான். கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிற இன்ஜினீயர் மெஹருன்னிசா எனக்குச் சொல்லித் தருவாராம். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் துணி, அதற்குமேல் ஹெல்மெட். வந்ததும், “அக்கா, பழைய லீவரை எப்ப இழுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“தெரியலைங்க. பயமா இருக்கும். இழுத்துருவேன்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

மாவு ஆட்டினேன். மோர்மிளகாய் காயப் போட்டேன். இந்தக் காற்றில் தட்டோடு பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது.

இவர் இனிமேல் ஹாலில் படுத்துக்கொள்கிறாராம். தூக்கத்தில் என் கை வெடுக்கென்று இழுக்கிறதாம். போன வாரம் தாடையில் அடி வாங்கினாராம். “வண்டி நின்னாலும் நீ நிறுத்த மாட்டேங்கற” என்றார். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது அவர் தொழில். பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து கம்பி சுற்றுகிறவருக்கு நல்ல தூக்கம் வேண்டாமா? சரி என்றேன். இது எல்லோருக்கும் வருகிற பழக்கதோஷம்தான். பஸ் டிரைவர்கள் தூக்கத்தில் காலை மிதிப்பார்களாம்.

ஜூலை 3, வியாழன்

காலில் விழுந்த பையன் இன்று வீட்டுக்கே வந்துவிட்டான். பெயர் பிரணவ், பெங்களூரில் வேலை. “வேங்கையைக் காப்போம்” என்று ஓர் இயக்கம் ஆரம்பித்திருக்கிறான். போஸ்டரில் என் முகம், அழுகிற முகம். இவ்வளவு பல் தெரிய அழுதிருக்கிறேன் என்று பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நல்ல பையன். மைசூர்பாகு வாங்கி வந்திருந்தான். டம்ளரைத் தானே கழுவி வைத்தான். அவனுடைய அப்பாவும் அவனும் வேங்கையில் ஏறாத கோடை விடுமுறை கிடையாதாம். அப்பா இப்போது இல்லை. “இரும்புல வழுக்கிட்டுப் போயிரும் ஆன்ட்டி. மரத்துல குலுங்கறப்ப மட்டும்தான் எங்கப்பா என் மேல வந்து இடிப்பாரு” என்றான்.

“நீங்க ஒரு வார்த்தை பேசினா போதும் ஆன்ட்டி. லீவரை விட்டுட்டு உங்களால இருக்க முடியலன்னு.”

“சரிங்க தம்பி” என்று சொல்லிவிட்டேன். அவன் அதைப் போனில் வீடியோ பிடித்துக்கொண்டான்.

ஏன் சொன்னேன்? அவனுடைய அப்பாவுக்காகவா, மைசூர்பாகுக்காகவா?

ஜூலை 11, வெள்ளி

ஜி.எம். கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார், நாற்காலியெல்லாம் போடச் சொன்னார். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வந்திருக்கிறதாம். தண்டவாள வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதலாளிகளுக்கு இப்போது வேறு யோசனை. பெயர்த்த பலகைக்குப் பதிலாகப் புதுப் பலகை போட்டு வேங்கையை மரமாகவே திறந்தால் என்ன?

“எல்லாம் உங்க கண்ணீர்தாம்மா. தீபாவளிக்குத் திறக்கறோம். அதே லீவர், அதே கோகிலவாணி. சம்பளமும் கூட்டித் தர்றோம். உங்களுக்குச் சம்மதம்தானே?”

“சரிங்க சார்.”

வெளியே வந்து பம்ப் ரூமுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட பொங்கலில் நெய் அதிகம்.

ஜூலை 15, செவ்வாய்

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேலை நின்றிருந்தாலும் மெஹருன்னிசா அளவெடுக்க வந்திருந்தாள். பிளாட்பாரத்துக்கு முன்னால் உள்ள பலகைகளைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கியவள், “அக்கா, இதை எப்ப எப்ப டெஸ்ட் பண்ணுவீங்க?” என்று கத்தினாள்.

எட்டிப் பார்த்தேன். பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய இரும்புத் தாடைகள். வண்டி அளவுக்கு மீறின வேகத்தில் உள்ளே வந்தால் அதுவாகவே கவ்விப் பிடிக்கும் என்று அவள் விளக்கினாள். ஆட்களுக்கு நல்ல குலுக்கல் இருக்கும், ஆனால் வண்டி நின்றுவிடும்.

“நான் லீவரை இழுக்காட்டியும்?”

“இழுக்காட்டியும். உங்களுக்குத் தெரியாதா?”

தாடைகள் துருப் பிடிக்காமல், புது கிரீஸோடு இருந்தன. பார்க் விடுமுறை விடுகிற வியாழக்கிழமைகளில் யாரோ பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்கிறார்கள். வேங்கைக்குக் கிரீஸ் போடுகிறவர் ஒரே ஒரு ஆள்தான்.

பொன்னுச்சாமி அண்ணன் ஷெட்டில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“எப்ப போட்டதுங்கண்ணா அது?”

“பழைய ஜி.எம். இருக்கறப்ப. உனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த பாரு, அப்ப.”

மேகலா அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் சொல்லுல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாங்க அம்மிணி. ஆபரேட்டருக்குத் தெரிஞ்சா அசால்ட்டு வந்துரும். பயம் இருந்தாத்தான் கை நேரத்துக்கு இழுக்கும்னு சொன்னாங்க.”

“நான் பயந்துட்டுத்தான் இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் தரையைப் பார்த்தார். “தெரியும். சோறு திங்கறப்ப உன்ற கை நடுங்குமே.”

“தெரிஞ்சுமா சொல்லுல?”

“முதல் வருசமே சொல்லியிருக்கோணும். அப்பறம் எப்பிடிச் சொல்றது? இத்தன நாளு ஏன் சொல்லுலன்னு கேப்பியே. இப்பக் கேக்கறல்லோ, அந்த மாதிரி.”

தினமும் அவருக்கு என் போசியிலிருந்து ஒரு கரண்டி பொரியல் வைத்திருக்கிறேன். தினமும் சாப்பிட்டிருக்கிறார்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. வண்டி ஏறித் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பது போல இருந்தது.

ஜூலை 16, புதன்

வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த போர்வைகள் எல்லாவற்றையும் துவைத்தேன். மழை. ஒன்றும் காயவில்லை.

ஜூலை 18, வெள்ளி

இவரிடம் சொன்னேன். நான் இழுக்காவிட்டாலும் வண்டி நின்றிருக்கும் என்று. “அப்ப நல்லதுதானே?” என்றார். நல்லதுதான். அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லையே.

“அதுக்கு ஏன் இப்பிடி மொறச்சுப் பாக்கற?” என்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலைக்குப் போனேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. நான் எப்போதாவது தாமதமாக இழுத்து, அந்தத் தாடை கவ்வி, எனக்குத் தெரியாமலே யாராவது பிழைத்தார்களா? பொன்னுச்சாமி அண்ணனைக் கேட்டால் இல்லை என்பார். அவர் சொல்வதை இனி எப்படி எடுத்துக்கொள்வது? மெஹருன்னிசாவிடம் கேட்டேன். அவள் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். நான் மேலே நின்றேன். நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. லீவரைப் போன மாதமே கழற்றிவிட்டார்கள்.

முழங்கையெல்லாம் கிரீஸோடு மேலே வந்தாள்.

“உள்பக்கத்துல பெயிண்ட்கூட அழியலக்கா. இது ஒரு தடவைகூட வண்டியைத் தொட்டதில்ல.”

“அப்ப வண்டியை நிறுத்துனது?”

“நீங்கதான். எல்லாத்தையும் நீங்கதான் நிறுத்தியிருக்கீங்க.”

இது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவளையே கேட்கலாம் போல இருந்தது. அவள் கை கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஜி.எம். அறையில் கூட்டம். பிரணவும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மெஹருன்னிசா லேப்டாப்போடு ஒரு ஓரம். பொன்னுச்சாமி அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மரமாகவே திறக்க முதலாளிகள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள் என்று ஜி.எம். சொன்னார். பிரணவ் கை தட்டினான். அறிவிக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். “ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார்.

வழக்கம்போலச் சரிங்க சார் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

“எனக்கு வேண்டாமுங்க.”

“என்னம்மா வேண்டாம்?”

“லீவரு.”

ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

“எனக்குப் பயமுங்க சார். ஒவ்வொரு வண்டிக்கும் பயம். வண்டி உள்ள வாரப்ப முன்சீட்டுல இருக்கறவங்க கையைத் தூக்கிட்டுச் சிரிச்சிட்டே வருவாங்க. அந்த மூஞ்சிகளைப் பாக்கறப்பெல்லாம், இன்னைக்கு விட்டுருவேன், இந்த வண்டியை விட்டுருவேன்னுதான் நெனப்பனுங்க. நல்லா நின்னுருச்சுன்னா அடுத்த வண்டி வந்துரும். ஒடம்பு சரியில்லாம லீவு போட்டாலும் வீட்டுல படுத்துட்டு, இந்நேரம் வேற யாரு இழுக்கறாங்களோன்னு இருப்பேன். கூடப் பொறந்த அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகுலீங்க.”

பிரணவுக்கு முகம் வெளிறிவிட்டது. “அப்ப அன்னைக்கு அழுதீங்களே ஆன்ட்டி?”

“முடிஞ்சுதேன்னு அழுதனுங்க தம்பி.”

அந்த வார்த்தை வாயிலிருந்து வருகிற வரைக்கும் சத்தியமாக எனக்கும் தெரியாது.

ஜி.எம். சமாளித்துக்கொண்டு சிரித்தார். “அதான் அடியில சேஃப்டி இருக்குன்னு இப்பத் தெரிஞ்சிருச்சே. இனிமே பயமில்லாம இழுக்கலாமேம்மா.”

நியாயமான பேச்சுதான். நான் யோசித்துப் பார்த்தேன்.

“பயமில்லாம எப்பிடி இழுக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க சார்.”

பொன்னுச்சாமி அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். தோளில் கிடந்த துண்டால் மூக்கைச் சிந்துகிற சத்தம் வராந்தாவிலிருந்து கேட்டது. பிறகு மெஹருன்னிசா லேப்டாப்பைத் திருப்பி, பலகை எவ்வளவு உளுத்திருக்கிறது என்று படம் காட்டினாள். அதற்குப் பிறகு பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

ஜூலை 30, புதன்

இரும்புதான் என்று முடிவாகிவிட்டது. பிரணவின் ஆட்கள் என்னைத் துரோகி என்று எழுதுகிறார்களாம். மேகலா படித்துக் காட்ட ஆரம்பித்தாள், வேண்டாம் என்றேன். பிரணவ் மட்டும் ஒரு சேதி அனுப்பியிருந்தான்: “எங்கப்பாவையும் என்னையும் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கீங்க. அதை நான் நினைச்சே பார்க்கல.” திட்டுகிறானா, நன்றி சொல்கிறானா? இரண்டு நாளாகப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பொன்னுச்சாமி அண்ணனும் நானும் பேசி ஒரு மாதம் ஆகிறது. அவர் ஷெட்டில் சாப்பிடுகிறார், நான் கேன்டீனில். இன்று மழைக்குக் கேன்டீன் ஒழுகியதால் ஷெட்டுக்குப் போனேன். அவர் எழுந்து இடம் விட்டார். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பீர்க்கங்காய்ப் பொரியல் மீந்தது. ஒரு கரண்டி எடுத்தேன். வைப்பதா வேண்டாமா என்று கரண்டி பாதியில் நின்றது. அவர் தட்டை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமா என்று என்னைக் கேட்டால் தெரியாது. பொரியலை வீணாக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 8, புதன்

சிவப்புத் தண்டவாளங்கள் லாரியில் வந்திறங்கின. மரச்சட்டத்துக்கு மேல் வைத்துப் பார்க்கும்போது ஏதோ மாதிரி இருக்கிறது. அழகாக இருக்கிறதா என்று மெஹருன்னிசா கேட்டாள். பழகவில்லை என்றேன்.

பொத்தான் வேலை எனக்கு வேண்டாம் என்று ஜி.எம்மிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட் கவுன்டர் தருகிறேன் என்றார். சரிங்க சார் என்றேன். இந்தத் தடவை அது வெறும் சரிதான். ஓசூர் போக லீவு கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். யோசிக்கவில்லை சார், போய்விட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜனவரி 10, சனி

இன்று புது வேங்கையின் திறப்பு விழா. பலூன், நாதஸ்வரம், எம்.எல்.ஏ. எல்லாம் முடிந்து முதல் வண்டி புறப்படும்போது ஜி.எம். என்னையும் இவரையும் முன்சீட்டில் உட்காரச் சொன்னார். எனக்கு முந்தி இவர் போய் உட்கார்ந்துவிட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “நின்னுட்டு ஒரு கம்பியை இழுக்கற வேலைக்கு என்னமோ பண்ணுனியே, பாக்கறேன் இதை” என்றார்.

முதல் இறக்கத்திலேயே, “ஐயோ முருகா, நிறுத்தச் சொல்லு அம்மிணி!” என்று அலறி என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைகீழாகப் போனபோது அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனா, சில்லறை, மூக்குப்பொடி டப்பா எல்லாம் ஆகாயத்தில் போயின. எனக்கு வயிறு எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. நான் கத்தினேனா சிரித்தேனா என்பதுகூட நிச்சயமில்லை. தொண்டை இன்னும் கம்மியிருக்கிறது.

வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. எதுவும் உரசவில்லை, கருகின வாசனை வரவில்லை. தண்ணீரில் கால் வைத்த மாதிரி மெதுவாக நின்றது.

இறங்கியதும் மைக். ஜூன் மாதம் வந்த அதே பெண்.

“சொல்லுங்கம்மா! மரமா, இரும்பா? எது பெஸ்ட்?”

“தெரியலைங்க.”

“சும்மா சொல்லுங்கம்மா. இத்தனை வருஷம் மர வேங்கையோட வாழ்ந்தவங்க நீங்க!”

“அதுல நான் ஏறினதே இல்லீங்களே” என்றேன். “நான் ஏறிட்டா லீவரை யாரு பிடிக்கறது?”

அந்தப் பெண் கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏனம்மிணி, மறுக்கா ஒருவாட்டி போலாமா?”

முன்சீட்டெல்லாம் இனி கிடைக்காது, வரிசையில்தான் வர வேண்டும் என்றார்கள். வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. கடைசியில் போய் நின்றோம்.